இரண்டு சுற்று

பிற்பகல் 2.20.

ஒன்றாம் ஹீட்டரின் பக்கவாட்டுக் கதவிலிருந்து இரண்டு பூட்ஸ் கால்கள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. இடுப்புக்கு மேலே ஆள் உள்ளே இருந்தார். கதவின் விளிம்பிலிருந்து ஆவி புஸ்புஸ்ஸென்று வந்துகொண்டிருந்தது.

முதலில் பார்த்தவர் பம்ப்ஹவுஸ்காரர். வாயை மூடவே மாட்டார் என்பதால் மின்நிலையம் முழுக்க அவருக்கு ரேடியோ என்று பெயர். பதினெட்டு வருட சர்வீஸில் அன்றைக்குத்தான் ரேடியோ வாயடைத்துப் போனார். கையை மட்டும் ஆட்டி ஆட்களைக் கூப்பிட்டார். ஆவியை நிறுத்தி, நான்கு பேர் சேர்ந்து இழுத்துத் தரையில் கிடத்தினார்கள். தரையில் எப்போதும் கரித்தண்ணீர் தேங்கி நிற்கும். நிலக்கரிக் குவியலிலிருந்து கசிந்து வரும் அந்தக் கறுப்புத் தண்ணீருக்கு ஒரு புளிப்பு உண்டு, அதில் நடப்பவர்களின் பூட்ஸ் ஆறு மாதம் தாங்காது. வெந்துபோன முகத்தை வைத்து ஆளை அடையாளம் சொல்ல முடியவில்லை. கையில் இறுகப் பிடித்திருந்த டார்ச்சும் பெல்ட்டில் தொங்கிய பெரிய ஸ்பானரும்தான் சொல்லின.

தலைமை ஃபிட்டர். ஸ்பானர் என்றால் எல்லோருக்கும் தெரியும்.

இந்த நிலையத்துக்கு இரண்டு வயிறு. ஒன்று நிலக்கரி தின்னும், மற்றது கேஸ் குடிக்கும். இரண்டும் மின்சாரம் கொடுப்பதோடு நிற்காமல், மிச்சச் சூட்டில் தண்ணீரைக் காய்ச்சிக் குழாய் வழியே ஊருக்குள் அனுப்பும். குளிர்காலத்தில் ஊரில் வீடுகள் கதகதப்பாக இருப்பது அதனால்தான். போன தண்ணீர் ஆறித் திரும்பி வரும், மறுபடி கொதித்துப் போகும். ஒன்றாம் ஹீட்டர் நிலக்கரிப் பக்கத்தைச் சேர்ந்தது. லாரி டாங்க் அளவு இருக்கும். அதற்குள்ளே நூற்றுக்கணக்கான மெல்லிய குழாய்கள். குழாய்க்குள் ஊர்த் தண்ணீர் ஓடும், குழாயைச் சுற்றி ஆவி நிற்கும். அவற்றில் மூன்று குழாய் ஓட்டை. அதை அடைக்கத்தான் ஸ்பானர் காலையில் வேலையில் இறங்கினார். அதுவரை கேஸ் பக்கம் தனியாக முக்கி முனகி ஊரைச் சுமந்துகொண்டிருந்தது.

பிற்பகல் 3.10. இன்ஸ்பெக்டர் வந்தார். அவருக்கு முன்னால் அவருடைய ஜலதோஷம் வந்தது. தும்மிக்கொண்டே ஹீட்டரைச் சுற்றினார், தும்மிக்கொண்டே பிணத்தை மருத்துவமனைக்கு அனுப்பினார்.

அவர் பின்னால் ஃபைல்களோடு நடந்தவள் நிலையத்தின் தண்ணீர் பரிசோதனைக் கூடத்தைப் பார்த்துக்கொள்கிறவள். ஊருக்குப் போகும் தண்ணீரில் பச்சைச் சாயம் கலப்பதும் அவள் வேலை. யார் வீட்டுக் குடிதண்ணீரிலாவது பச்சை தெரிந்தால் எங்கோ ஒழுகுகிறது என்று கண்டுபிடித்துவிடலாம். அந்தச் சாயம் அவள் விரல் நுனிகளை விட்டுப் போனதே இல்லை. சோப்புப் போட்டால் இன்னும் பளிச்சென்று எழும், எலுமிச்சை தேய்த்தால்தான் அடங்கும். அதனால் அவளுக்குக் கிளி என்று பெயர் வைத்துவிட்டார்கள். கட்டின கணவனே வீட்டில் அப்படித்தான் கூப்பிடுகிறான். நிலையத்தின் பாதுகாப்புக் குழுவுக்கு அவள்தான் செயலாளர், ஆகவே போலீசுக்குக் காகிதம் காட்டும் வேலையும் அவள் தலையில் விழுந்தது.

பிற்பகல் 3.30. ஷிஃப்ட் இன்ஜினியரின் அறை.

கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை. மேஜையில் நான்கு தொலைபேசிகள். முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது.

"வேலை எப்படி நடக்கும்னு சொல்லுங்க," என்றார் இன்ஸ்பெக்டர்.

"ஹீட்டருக்குள்ள கை வைக்கிறதுக்கு முன்னாடி ஃபிட்டர் தன் சொந்தப் பூட்டைப் போடுவார் சார். ஆவி வால்வுல ஒண்ணு, தண்ணி வால்வுல ஒண்ணு. வேலை முடிஞ்சதும் பூட்டைக் கழட்டிட்டு இங்க கொண்டு வந்து கொடுத்து, புத்தகத்துல கையெழுத்துப் போடணும். அதுக்கப்புறம்தான் நாங்க எதையும் திறப்போம்."

"இவர் போட்டாரா?"

"ஒண்ணு ஐம்பத்தஞ்சுக்கு. இதோ." புத்தகத்தைத் திருப்பிக் காட்டினார். பக்கத்தில் இரண்டு பூட்டுகளும் சாவிகளும் இருந்தன. "ரெண்டு அஞ்சுக்கு ஆவி விடச் சொல்லிக் கன்ட்ரோல் ரூமுக்கு ஃபோன் பண்ணினேன். அவர் திரும்பிப் போய்த் தலையை விடுவார்னு கனவா கண்டேன்?"

"ஒண்ணரையிலிருந்து நீங்க எங்க இருந்தீங்க?"

"இங்கதான். ஊர்லேர்ந்து ஃபோன் மேல ஃபோன். ஆஸ்பத்திரி வார்டு குளிருதாம், பள்ளிக்கூடம் குளிருதாம். காது புண்ணாகிப் போச்சு."

கிளி புத்தகத்தைப் புரட்டினாள். வேலை முடிந்து ஸ்பானர் கையெழுத்துப் போட்ட ஒவ்வொரு பக்கத்தின் ஓரத்திலும் கறுப்பாக ஒரு கட்டைவிரல் தடம் இருந்தது. கடைசிப் பக்கம் மட்டும் வெள்ளை வெளேரென்று இருந்தது. இன்றைக்காவது கை கழுவிவிட்டு வந்தாரே மனிதர் என்று நினைத்துக்கொண்டாள்.

பிற்பகல் 3.50. பம்ப்ஹவுஸ்.

ஹீட்டருக்கும் பம்ப்ஹவுஸுக்கும் நடுவில் ஒரு கனமான சுவர். ஊர்த் தண்ணீரின் வால்வுகள் எல்லாம் சுவருக்கு இந்தப் பக்கம். ரேடியோவுக்கு இதற்குள் குரல் திரும்பிவிட்டது.

"ஒண்ணரைக்கு எங்கய்யா இருந்தே?"

"கிளியம்மா லேப்ல சார். தினமும் ஒண்ணரை மணிக்கு சாம்பிள் பாட்டில் எடுத்துட்டுப் போவேன். ஊர்ல கடிகாரத்தை என்னைப் பாத்துத் திருப்பி வைக்கலாம். போனா ஒரு டீ கிடைக்கும். கேளுங்க, பேசிக்கிட்டே இருந்தப்ப பின்னாடி ரூம்ல, ஊர்த் தண்ணி குறைஞ்சா தானா ஓடுமே, அந்தப் பம்பு ஓட ஆரம்பிச்சுது. யார் வீட்டுக் குழாயோ ஒழுகுதுன்னு இவங்க கூடச் சொன்னாங்க. நான் சொன்னேன், எங்க வீட்டுக் குழாயாத்தான் இருக்கும், என் பொண்டாட்டி..."

"நிறுத்து. தண்ணி வால்வை யாராவது தொட்டாங்களா?"

"நீங்களே பாருங்க. காலைல பறந்த சாம்பல் சக்கரத்து மேல அப்படியே மெத்துமெத்துன்னு கிடக்கு. பூட்டைத்தான் கழட்டியிருக்காங்க. சக்கரத்தை யாரும் திருப்பல."

இன்ஸ்பெக்டர் குனிந்து பார்த்தார், தும்மினார். சாட்சியத்தில் பாதி பறந்துபோயிற்று. நனைந்த கைக்குட்டையைப் பக்கத்தில் இருந்த ஒரு சின்னச் சக்கரத்தில் மாட்டிவிட்டு இன்னொன்றை எடுத்தார். அறையைச் சுற்றி முடித்துக் கிளம்பும்போது அதை மறந்துவிட்டார். கிளிதான் எடுத்துக் கொடுத்தாள். சூட்டுக்கு நன்றாகக் காய்ந்து, வெள்ளையாக, மடிப்புக் கலையாமல் இருந்தது.

பிற்பகல் 4.15. நிலக்கரிப் பக்கத்துக் கன்ட்ரோல் ரூம்.

ஆவி வால்வின் பொத்தானை அழுத்தியவன் மூலையில் தரையில் உட்கார்ந்திருந்தான். ஸ்பானரின் மனைவிக்குக் கூடப் பிறந்த தம்பி. ஸ்பானர் வாய்க்கு வாய் "மச்சான்" என்று கூப்பிட்டதில், தலைமை அதிகாரி முதல் வாட்ச்மேன் வரை எல்லோருக்கும் அவன் மச்சான் ஆகிப்போனான்.

"நான்தான் சார் கொன்னேன்," என்றான். யாரும் இன்னும் எதையும் கேட்கவில்லை.

"என்ன நடந்தது?"

"இன்ஜினியர் ஃபோன் பண்ணினார். 'புத்தகம் முடிஞ்சுது, தண்ணி ஏத்தியாச்சு, ஆவி விடு'ன்னார். விட்டேன்."

"தண்ணி ஏறிச்சான்னு நீ பாக்கல?"

"தண்ணியோட மீட்டர் எல்லாம் பம்ப்ஹவுஸ்ல சார். என் போர்டுல ஆவி மட்டும்தான்." அவன் கையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தான். "ஆனா ஆவி விடறதுக்கு முன்னாடி ஃபிட்டரைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேக்கணும். ரூல் இருக்கு. நான் எப்பவும் கேப்பேன். 'மாமா, வெளில வந்துட்டீங்களா'ன்னு கேப்பேன். 'நீ திறடா மச்சான்'னு சொல்வாரு. இன்னிக்குக் கேக்கல."

"ஏன்?"

"மூணு நாளா பேசல. டிரைவிங் டெஸ்ட்ல மூணாவது தடவையா ஃபெயில் ஆனேன். கேன்டீன்ல எல்லார் முன்னாடியும் 'மச்சான் வண்டி ஓட்டினா நாம எல்லாரும் நடந்தே போயிடலாம்'னு சொல்லிட்டாரு. எல்லாரும் சிரிச்சாங்க. ரோஷம் வந்துடுச்சு. அவராக் கூப்பிடட்டும்னு இருந்தேன் சார்."

மணி ஒன்றிலிருந்து அவன் அந்த அறையை விட்டு நகரவில்லை என்று கூட இருந்த இரண்டு பேரும் சொன்னார்கள். அது அவனுக்கு எந்த ஆறுதலையும் தரவில்லை.

இன்ஸ்பெக்டருக்குக் கணக்கு நேராகிவிட்டது. ஸ்பானர் வேலையை முடித்தார், கையெழுத்துப் போட்டார். டார்ச்சை உள்ளேயே விட்டுவிட்டது நினைவுக்கு வந்து திரும்பிப் போனார். இரண்டு திருகில் திறந்துகொள்ளும் கதவு அது. தலையை விட்டார். மச்சான் கேட்காமல் ஆவியைத் திறந்தான். புதிதாக வைத்த அடைப்பு ஒன்று கக்கிக்கொண்டு, ஆவி நேராக முகத்தில் அடித்தது. மறுநாள் டாக்டரும் வெந்துதான் செத்தார் என்றார், அரை மணி முன்னே பின்னே யாராலும் சொல்ல முடியாது என்றார்.

"பாதி அவர் தப்பு, பாதி இந்தப் பையன் தப்பு," என்று இன்ஸ்பெக்டர் மூக்கை உறிஞ்சினார். "அவரை ஜெயில்ல போட முடியாது. இவனைப் போடலாம்."

நான்காம் நாள். காலை 9.30.

ஸ்பானரின் வீடு ஊருக்குள் மூன்றாம் மாடியில் இருந்தது. விதவைக்கு வரவேண்டிய உதவிக்கான படிவங்களோடு கிளி ஏறினாள். இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவே படிக்கட்டில் மச்சான் உட்கார்ந்திருந்தான். முகத்தில் நான்கு நாள் தாடி.

"இங்க என்னப்பா பண்றே?"

"அக்கா கதவைத் திறக்க மாட்டேங்குறா. பொழுது விடிஞ்சா வந்துடுவேன். என்னிக்காவது திறப்பா இல்ல?" படிக்கட்டுக் குளிரில் அவன் உதடு நீலம் பாரித்திருந்தது. "போலீஸ் வந்து கூட்டிட்டுப் போறதுக்குள்ள ஒரு தடவை திறந்தா போதும்."

கிளிக்குக் கதவு திறந்தது. அக்கா கிளியைத்தான் பார்த்தாள், கிளிக்குப் பின்னால் இருந்த படிக்கட்டைப் பார்க்கவே இல்லை. அழுது அழுது முகம் காய்ந்திருந்தது. படிவங்களில் சொன்ன இடத்தில் கையெழுத்துப் போட்டாள். பிறகு திடீரென்று எழுந்தாள்.

"நீங்க படிச்சவங்க. ஒண்ணு வந்து பாருங்க."

குளியலறையில் ஒரு வாளி இருந்தது. மருத்துவமனையிலிருந்து திருப்பிக் கொடுத்த துணி என்றாள். வேறு யாரிடமும் கொடுக்க மனசு வராமல் தானே சோப்புத் தூள் போட்டு ஊற வைத்திருக்கிறாள்.

"கரி போகும்னுதான் ஊற வச்சேன். இது என்ன நிறம்? ரெண்டு தடவை தண்ணி மாத்திட்டேன். மறுபடி சோப்புப் போட்டா மறுபடி வருது. அவர் போட்டிருந்தது வெள்ளைப் பனியன்."

வாளித் தண்ணீர் பச்சைப்பசேலென்று இருந்தது.

கிளி தன் விரல்களைப் பார்த்தாள். வாளியைப் பார்த்தாள். வாளியை இரண்டு கையாலும் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"இதை ஊத்திடாதீங்க," என்றாள். "ஒரு சொட்டு கூட ஊத்திடாதீங்க."

காலை 10.40. பரிசோதனைக் கூடம். பின்னறைப் பம்ப்புக்கு ஒரு காகிதச் சுருள் உண்டு, அது எப்போது ஓடுகிறது, எப்போது நிற்கிறது என்று தானே கோடு போட்டுக்கொள்ளும். கிளி சுருளை நான்கு நாள் பின்னால் பிரித்தாள். கோட்டைப் பார்த்தாள். நாற்காலியில் உட்கார்ந்தாள்.

காலை 11.15. பம்ப்ஹவுஸ். இன்ஸ்பெக்டர் கைக்குட்டையைக் காயப்போட்ட சின்னச் சக்கரத்தின் முன்னால் நின்றாள். உள்ளங்கை அளவுதான் இருந்தது. தொட்டால் சூடு. எத்தனை வருடமாக இந்த வழியாகப் போய் வந்திருக்கிறாள்! தன் ஃபைலைத் திறந்து, எந்தெந்த வால்வுக்குப் பூட்டுப் போட வேண்டும் என்ற பட்டியலை எடுத்தாள். ஒன்றாம் ஹீட்டருக்கு இரண்டு வரி. கீழே அவளுடைய கையெழுத்து, அழகாக, சுழித்து.

அவள் அழுதாள். ரேடியோ அதைப் பார்த்துவிட்டு, வாழ்க்கையில் இரண்டாவது முறையாக ஒன்றும் பேசாமல் வெளியே போனார்.

நண்பகல் 12.00. ஷிஃப்ட் இன்ஜினியரின் அறை.

இன்ஸ்பெக்டர் வேண்டாவெறுப்பாக வந்திருந்தார். ரேடியோ கதவருகில் நின்றார். மேஜைக்குப் பின்னால் இன்ஜினியர். சட்டை அன்றைக்கும் வெள்ளைதான், கன்னம்தான் ஒட்டிப்போயிருந்தது.

"சுருக்கமாச் சொல்லும்மா," என்றார் இன்ஸ்பெக்டர். "மூக்கு ஒழுகுது."

கிளி ஒரு கண்ணாடிக் குடுவையை மேஜையில் வைத்தாள். உள்ளே பச்சைத் தண்ணீர்.

"ஸ்பானர் போட்டிருந்த பனியன்லேர்ந்து பிழிஞ்சது. இந்தச் சாயம் நான் ஊர்த் தண்ணியில மட்டும்தான் கலக்கறேன். ஆவியில இது கிடையாது. கொதிகலன் ஆவி சுத்தமான தண்ணி, குழந்தைக்கே கொடுக்கலாம். அப்போ அவரை வேக வச்சது ஆவி இல்ல. ஊருக்குப் போற தண்ணி. நூத்தி இருபது டிகிரி. அழுத்தத்துல அடைஞ்சு கிடக்கும், வெளில வந்தா வெடிச்சு ஆவியாப் பாயும்."

"அன்னிக்கு எங்கேயும் பச்சையே தெரியலையே?"

"கரித்தண்ணியில கிடத்தினாங்க சார். அது புளிப்பு. புளிப்பு பட்டா இந்தச் சாயம் ஒடுங்கிடும். சோப்புப் பட்டா எழுந்துக்கும். அவர் சம்சாரம் துணி ஊற வச்சாங்க, எழுந்துடுச்சு."

இன்ஸ்பெக்டர் கைக்குட்டையை இறக்கினார். "ஆனா தண்ணி வால்வைத்தான் யாரும் தொடலையே. சாம்பல் அப்படியே இருந்துச்சே."

"பெரிய வால்வைத் தொடல. அதுக்குப் பக்கத்துல ஒரு சின்ன வால்வு இருக்கு. ஹீட்டரைத் திடீர்னு கொதிக்கிற தண்ணியில நிரப்பினா இரும்பு விரிசல் விடும். அதனால முதல்ல சின்ன வால்வை ரெண்டு சுத்துத் திறந்து கொஞ்சம் கொஞ்சமாச் சூடு காட்டுவோம். நீங்க அது மேலதான் கைக்குட்டையைக் காயப் போட்டீங்க. நான் எடுத்துக் கொடுத்தேன். ஒரு பொட்டு சாம்பல் இல்ல. ரெண்டு அடி தள்ளிப் பெரிய சக்கரத்துல சாம்பல் மெத்தையாக் கிடந்தப்ப, சின்னச் சக்கரம் மட்டும் எப்படிச் சுத்தமா இருந்தது? அன்னிக்கு ஒரு கை அதைத் திருப்பியிருக்கு."

இன்ஸ்பெக்டர் கையிலிருந்த கைக்குட்டையை ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

"எத்தனை மணிக்கு?"

"ஊர்த் தண்ணி எங்கேயாவது குறைஞ்சா என் பம்ப் தானா ஓடி நிரப்பும். அன்னிக்கு ஒண்ணு முப்பத்தெட்டுக்கு ஓடிச்சு, ஒண்ணு நாப்பத்தஞ்சுக்கு நின்னுச்சு. நானும் ரேடியோவும் காதாலயே கேட்டோம். யார் வீட்டுலயோ ஒழுகுதுன்னு சொல்லிட்டு டீ குடிச்சேன் சார். ஸ்பானர் மேல கொட்டிக்கிட்டிருந்தது." அவள் காகிதச் சுருளை மேஜையில் விரித்தாள். "ஒண்ணு நாப்பத்தஞ்சுக்கே செத்துப்போனவர் ஒண்ணு ஐம்பத்தஞ்சுக்கு எப்படி வந்து கையெழுத்துப் போட்டார்?"

கிளி புத்தகத்தை எடுத்து விரித்தாள்.

"வேலை முடிச்சு வர்ற ஃபிட்டர் கை கரியா இருக்கும். பக்கத்துக்குப் பக்கம் விரல் தடம் பாருங்க. இந்த ஒரு பக்கம் மட்டும் சுத்தம். இந்த நிலையத்துல அன்னிக்கு ஒண்ணு முப்பத்தெட்டுக்கு ரேடியோ என்கூட இருந்தார். மச்சான் அறையை விட்டு அசையல, ரெண்டு சாட்சி. புத்தகம் இந்த மேஜையில இருந்தது. 'தண்ணி ஏத்தியாச்சு'ன்னு மச்சான்கிட்ட சொன்னது நீங்க. பெரிய வால்வு திறக்கவே இல்லைன்னா தண்ணி எப்படி ஏறும்? தண்ணி இல்லாம ஆவி விட்டா எதிர்ப்பக்கம் தாங்கத் தண்ணி இல்லாம புது அடைப்பு கக்கும்னு நமக்கெல்லாம் தெரியும். உங்களுக்கும் தெரியும் சார். ஆவிதான் கொன்னுச்சுன்னு காட்ட அதுதான் வழி."

இன்ஜினியர் கை நீட்டிப் புத்தகத்தை மூடினார்.

"ரெண்டே சுத்து," என்றார் கடைசியில். "ஒண்ணரைக்கு அவர்தான் ஃபோன் பண்ணினார். 'வேலை முடிஞ்சுது, கதவைச் சாத்திட்டேன், கை கழுவிட்டு வரேன்'னார். கதவு சாத்தியாச்சுன்னு சொன்னா நாம சூடு காட்ட ஆரம்பிப்போம். கையெழுத்துக்குக் காத்திருந்தா அரை மணி போகும். எல்லா ஷிஃப்ட்டும் அப்படித்தான் பண்ணும். சூடு காட்டறது திறக்கறதுல சேத்தி இல்லைன்னு வச்சுக்கிட்டோம். ஆஸ்பத்திரிக்காரங்க கத்திக்கிட்டிருந்தாங்க. ரேடியோ சீட்டுல இல்ல. நானே போய்த் திருப்பினேன். சுவருக்கு அந்தப் பக்கம் டார்ச்சுக்காக மறுபடி கதவைத் திறந்திருக்கார். பம்பு சத்தத்துல ஒண்ணும் கேக்கல. சுத்தி வந்து பாத்தேன். கால் மட்டும் தெரிஞ்சுது." அவர் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். "அதுக்கு அஞ்சு நிமிஷம் முன்னாடி வரைக்கும் நான் நல்லவன்மா."

"பூட்டு?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"சட்டையைக் கழட்டிக் கதவு பக்கத்துல மாட்டியிருந்தார். பாக்கெட்ல சாவி இருந்தது. ரெண்டு பூட்டையும் கழட்டினேன். சின்ன வால்வை மூடினேன், தண்ணியை வடிச்சேன், கையைக் கழுவிட்டு வந்து கையெழுத்தைப் பாத்து எழுதினேன்."

"உடனே கத்தி ஆளைக் கூப்பிட்டிருந்தா?"

"முடிஞ்சுபோயிடுச்சு. மூச்சு இல்ல. தொட்டுப் பாத்தேன்."

"முதல் தப்பு உங்க ஒருத்தரோடது இல்ல," என்றாள் கிளி. "எல்லாரும் அப்படித்தான் செஞ்சோம், எல்லாருக்கும் தெரியும். அதுக்கு நானும் உங்க பக்கத்துல நிக்கறேன். ஆனா செத்துக் கிடந்தவர் மேல அவர் மச்சானை விட்டே பொத்தானை அழுத்த வச்சீங்களே. மூணு நாளா அவன் சாவுறான், பாத்துக்கிட்டு இருந்தீங்களே. பெட்டியைத் தோள்ல தூக்கிட்டு நடந்தீங்களே சார். அது உங்களோடது மட்டும்."

"தினமும் சொல்லணும்னு நினைச்சேன்."

"அவனும் தினமும் படிக்கட்டுல உக்காந்திருந்தான்."

இன்ஸ்பெக்டர் எழுந்தார். அதிசயமாக அந்த இரண்டு நிமிடம் அவர் தும்மவில்லை. இன்ஜினியரின் தோளில் கையை வைத்தார், இன்ஜினியர் மறுபேச்சில்லாமல் நடந்தார். கதவருகே ரேடியோவின் முன்னால் ஒரு நொடி நின்றார். ரேடியோ முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்தச் சின்ன வால்வை அவரும் எத்தனையோ தடவை, கையெழுத்துக்கு முன்னால் திருப்பியவர்தான்.

மாலை 5.30.

மச்சான் அதே படியில் இருந்தான். கிளி அவன் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். மாடிக்குக் கேட்க வேண்டும் என்று கொஞ்சம் சத்தமாகவே சொன்னாள். அவன் குறுக்கே பேசாமல் கேட்டான்.

"அப்போ ரெண்டு அஞ்சுக்கு நான் ஃபோன் பண்ணியிருந்தாலும்..."

"யாரும் எடுத்திருக்க மாட்டாங்க. அவர் அப்ப உயிரோட இல்ல. உன் கையால எதுவும் நடக்கல."

அவன் தலையை ஆட்டினான். கிளி மூச்சு விட்டாள். ஆனால் அவன் இன்னும் யோசித்துக்கொண்டிருந்தான்.

"தினமும் ஒண்ணு நாப்பதுக்கு நானும் மாமாவும் ஃபோன்ல பேசுவோம். சாப்டீங்களா, சாயங்காலம் சேர்ந்து போலாமான்னு. அதுக்காகவே அஞ்சு நிமிஷம் முன்னாடியே ஹீட்டர் பக்கத்துல இருக்கிற ஃபோன்கிட்ட வந்து நிப்பாரு. அன்னிக்குப் பேசியிருந்தா அவர் தலை உள்ள இருந்திருக்காது. இல்ல?"

உலகத்தில் உள்ள எல்லாத் தண்ணீரையும் பரிசோதித்துச் சொல்லக்கூடியவளுக்கு இதற்குப் பதில் தெரியவில்லை. தெரியாது என்றே சொன்னாள்.

மேலே கதவு திறந்தது. அக்கா வாசலில் நின்றாள். எவ்வளவு நேரமாகக் கதவுக்குப் பின்னால் நின்றாளோ.

"அவரும் ஃபோன் பண்ணலடா," என்றாள். "மூணு ராத்திரி இங்க உக்காந்துக்கிட்டு, 'மச்சான் ரொம்ப மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டான், நான் பேசட்டுமா'ன்னு என்கிட்டயே கேட்டுக்கிட்டிருந்தாரு. அவன் சின்னவன், அவனே வரட்டும்னு நான்தான் சொன்னேன்." அவள் கதவை அகலத் திறந்தாள். "உள்ள வா. கை எல்லாம் விறைச்சுக் கிடக்கு பாரு."

அவன் எழுந்திருக்கத் தடுமாறினான். அக்கா மூன்று படி இறங்கி வந்து அவன் முழங்கையைப் பிடித்தாள். உள்ளே போய் அவனை அறையின் சூட்டுக் குழாய் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டு அவள் மறுபடி வாசலுக்கு வந்தாள், ஏனென்றால் கிளி இன்னும் போகவில்லை.

"இன்னொண்ணு சொல்லணும்," என்றாள் கிளி. "எந்த வால்வுக்குப் பூட்டுப் போடணும்னு ஒரு லிஸ்ட் இருக்கு. அதுல அந்தச் சின்ன வால்வு இல்ல. சின்னதுதானேன்னு விட்டுட்டேன். எழுதினது நான். கையெழுத்து என்னோடது. இன்ஸ்பெக்டர்கிட்டயும் எழுதிக் கொடுத்துட்டேன்."

அக்கா அவளை உச்சி முதல் பாதம் வரை பார்த்தாள். கோபமாகத்தான் பார்க்கிறாளா என்று கிளிக்குப் பிடிபடவில்லை.

"தேடி வந்து சொன்னீங்க," என்றாள் அக்கா. "என் தம்பியைத் திருப்பிக் கொடுத்தீங்க. அதை மறக்க மாட்டேன்."

பரவாயில்லை என்று அவள் சொல்லவில்லை. கிளி அதை எதிர்பார்த்து நிற்கவில்லை என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் கதவு மெதுவாகச் சாத்தப்படும் வரை அவள் நின்றாள், சாத்திய பிறகும் கொஞ்ச நேரம் நின்றாள்.